கிளீனருக்கே பேட்டா உண்டு... இன்டர்ன்ஷிப் போன பிள்ளைக்கு?



இன்னைக்கு யாருக்கும் பதிலடிப் பதிவு இல்லை. மீம் இல்லை. ஒரு பஸ் டிக்கெட் கணக்கு மட்டும்தான். கொஞ்சம் நீளம். பொறுமையாப் படிங்க. உங்க வீட்டுல காலேஜ் போற பிள்ளை இருந்தா கட்டாயம் படிங்க.

2024 மே மாதம். நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிஞ்சு, பூத் வேலை, போஸ்டர் டிசைன் எல்லாம் ஓய்ஞ்சு, வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தேன். என் சித்தப்பா மகள் ராசிபுரம் பக்கத்துக் கிராமம். அரசுப் பள்ளி, அப்புறம் அரசுக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம் முடிஞ்சு கோடை லீவு. "அண்ணா, இன்டர்ன்ஷிப் போகணுமாம், கிரெடிட் இருக்காம், சேலத்துல ஆடிட்டர் ஆபீஸ் ஏதாச்சும் தெரியுமா?"ன்னு போன் பண்ணினா.

நம்ம ஊர்ல ஆடிட்டர் ஆபீஸுக்கா பஞ்சம்? லாரி, ரிக், கோழிப்பண்ணை, சேகோ ஆலை, வெள்ளிக் கொலுசு, விசைத்தறி... இத்தனை தொழில் இருக்கிற மண்ணு. ஒவ்வொரு தொழிலுக்கும் ஜிஎஸ்டி, ஒவ்வொரு முதலாளிக்கும் வருமான வரி. தெரிஞ்சவர் மூலமா ஒரு ஆபீஸ்ல சேர்த்துவிட்டேன். பேர் வேண்டாம். அவரைக் குறை சொல்ல இந்தப் பதிவு இல்லை. ஏன்னு கடைசியில உங்களுக்கே புரியும்.

அஞ்சு வாரம். வாரத்துக்கு ஆறு நாள். மொத்தம் 30 நாள். காலையில 10 மணிக்கு உள்ளே போனா சாயங்காலம் 7 மணி.

பஸ், மதியம் ஒரு டீ, ஒரு பன் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 70 ரூபாய். சோறு வீட்டுல இருந்து டப்பாவுல. 30 நாளைக்கு 2,100 ரூபாய்.

ஆபீஸ்ல கொடுத்தது? ஒரு சர்டிபிகேட்.

"பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாச்சே"ன்னு கேட்பீங்க. 2021 மே மாதத்தில் வந்த அந்தக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். ராசிபுரத்துல இருந்து சேலம் வர்ற புறநகர் பஸ்ஸுல டிக்கெட் எடுத்தே ஆகணும். "ஸ்டூடண்ட் பாஸ்?" அது வீட்டுக்கும் காலேஜுக்கும் நடுவுல போற பாதைக்குத்தான். சேலம் ஆபீஸுக்குச் செல்லாது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருது இல்ல, அந்தக் காசு புஸ்தகத்துக்குன்னு எடுத்து வெச்சிருந்தது. இரண்டு மாசக் காசு அப்படியே பஸ்ஸுக்குப் போச்சு. மீதி நூறு ரூபாய்க்கு அம்மா பர்ஸ்.

இப்போ, அவ அங்கே என்ன செஞ்சான்னு சொல்றேன். "சின்னப் பொண்ணு, ஜெராக்ஸ் எடுத்திருக்கும், டீ வாங்கிக் கொடுத்திருக்கும்"னு நெனைக்காதீங்க.

முதல் வாரம் பில் அடுக்குறது, வவுச்சருக்கு நம்பர் போடுறது. இரண்டாவது வாரமே டேலியில் பர்ச்சேஸ் எண்ட்ரி. அப்புறம் மே மாசம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. இந்த இரண்டு தேதியும் ஆடிட்டர் ஆபீஸ்ல திருவிழா மாதிரி. போர்ட்டல் சுத்திக்கிட்டே இருக்கும், போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். "ஐயா, உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க"ன்னு ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குப் போன் போட்டது அவதான். சப்ளையர் ஏத்தின பில்லும் நம்ம கையில இருக்கிற பில்லும் ஒத்துப் போகுதான்னு 2பி-யில் வரி வரியாப் பார்த்தது அவதான். ஒரு பில் விட்டுப் போனா அந்த வியாபாரிக்கு வரவேண்டிய இன்புட் கிரெடிட் போச்சு. விளையாட்டு இல்லை.

ஒரு நாள் ஒரு லாரிக்காரர் மஞ்சப்பை நிறைய டீசல் பில், டயர் பில், பாஸ்டேக் ஸ்டேட்மென்ட் எல்லாம் கொண்டுவந்து கொட்டினாராம். பத்துச் சக்கர வண்டி இரண்டு. இவளும் ஒவ்வொண்ணா எண்ட்ரி போட ஆரம்பிச்சிருக்கா. சீனியர் அக்கா வந்து, "இது 44ஏஇ-ல போகுது, அந்தப் பில்லு வேண்டாம், ஆர்.சி. புக்குல வண்டி எடையைப் பாரு"ன்னு சொல்லியிருக்காங்க.

அது என்ன? அப்போ நடைமுறையில் இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ-ன்னு ஒரு பிரிவு. பத்து சரக்கு வண்டி வரைக்கும் வெச்சிருக்கிறவங்க கணக்குப் புத்தகமே எழுத வேண்டாம். 12 டன்னுக்கு மேல் மொத்த எடை உள்ள வண்டின்னா, டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் வருமானம்னு சட்டமே எடுத்துக்கும். 28 டன் வண்டிக்கு மாசம் 28,000. வருசத்துக்கு 3,36,000. இரண்டு வண்டிக்கு 6,72,000. அவ்வளவுதான், ரிட்டன் ரெடி.

நம்ம பிள்ளை கேட்டாளாம்: "அக்கா, இதுல ஒரு வண்டி இஞ்சின் வேலைக்காக ஷெட்டுல ரெண்டு மாசம் நின்னிருக்கு. ஓடாத மாசத்துக்கும் வருமானம்னு எப்படிப் போடுறது?"

நல்ல கேள்வி. அந்தப் பிரிவு வண்டி ஓடுச்சா நின்னுச்சான்னு பார்க்காது. அந்த மாசம் வண்டி உங்க பேர்ல இருந்தா கணக்கு உண்டு. "இல்லைங்க, எனக்கு அவ்வளவு வரல, கம்மிதான்"னு சொல்லணும்னா கணக்குப் புத்தகம் எழுதி, ஆடிட்டும் பண்ணணும். அப்போ அந்த மஞ்சப்பை பில்லு மறுபடி வேணும்! ஆடிட் செலவு எவ்வளவு, வரியில் மிச்சம் எவ்வளவுன்னு இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு, எது லாபம்னு அந்த லாரிக்காரருக்கே எடுத்துச் சொல்லியிருக்காங்க.

இரண்டு வருசம் கிளாஸ்ல இன்கம்டாக்ஸ் படிச்சப்போ புரியாத விஷயம் ஒரு மஞ்சப்பையில் புரிஞ்சுதுன்னு சொன்னா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்வாங்க இல்ல, அந்த முப்பது நாள்தான் அவளுக்குக் கறி.

அதனாலதான் சொல்றேன். இன்டர்ன்ஷிப் வேண்டாம்னு நான் சொல்லல. இன்டர்ன்ஷிப் ரொம்ப நல்லது. அது நல்லதா இருக்கிறதாலதான், காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கிற பொருளா அது மாறிடக் கூடாதுன்னு சொல்றேன்.

எங்க சித்தப்பா லாரி டிரைவர். அவ வேலையை எல்லாம் பெருமையாக் கேட்டுட்டு, கடைசியில ஒண்ணு கேட்டார்: "ஏம்மிணி, வண்டியில கிளீனரா ஏறுற பையனுக்கு ஸ்டியரிங்கே பிடிக்கத் தெரியாது. அவனுக்கும் பேட்டா உண்டு, மூணு வேளை சோறு உண்டு. தொழில் கத்துக்கிட்டேதான் வர்றான். உங்க ஆபீஸ்ல டீக்காசு கூடக் கிடையாதா?"

அவகிட்ட பதில் இல்லை. என்கிட்டயும் இல்லை. உங்ககிட்ட இருக்கா?

யோசிச்சுப் பாருங்க. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் தொழில் பழக வர்ற பையனுக்கு வாரக் கடைசியில் செலவுக்காசு கொடுப்பாங்க. பள்ளிபாளையத்துல தறி பழகுறவனுக்கும் கையில ஏதோ கொடுப்பாங்க. படிக்காதவங்கன்னு நாம சொல்ற தொழில்ல எல்லாம் இந்த நியாயம் இருக்கு. படிச்சவங்க தொழில்ல மட்டும் "எக்ஸ்பீரியன்ஸ்தாம்பா சம்பளம்"ங்கிறோம்.

இங்கே என் கதையையும் மறைக்காமச் சொல்லிடறேன். நான் இன்ஜினியரிங். மூணாவது வருசம் எனக்கும் இன்டர்ன்ஷிப் இருந்துச்சு. நான் என்ன செஞ்சேன்? ஒரு சின்ன "சாஃப்ட்வேர் ட்ரெய்னிங்" கம்பெனிக்கு 3,000 ரூபாய் கட்டினேன். இரண்டு நாள் போனேன். ஒரு மாசம் வேலை செஞ்சதா சர்டிபிகேட், கூடவே ரெடிமேடா ஒரு ரிப்போர்ட். என் கிளாஸ்ல பாதிப் பேர் அதேதான். காலேஜுக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். யாரும் கேட்கல.

ஆக, வேலையே செய்யாத நான் காசு கட்டி சர்டிபிகேட் வாங்கினேன். முப்பது நாள் உழைச்ச என் தங்கச்சியும் கைக்காசு போட்டுத்தான் சர்டிபிகேட் வாங்கினா. இரண்டு சர்டிபிகேட்டுலயும் ஒரே வாசகம். "வெற்றிகரமாக நிறைவு செய்தார்." இன்டர்வியூல இரண்டுக்கும் ஒரே மதிப்பு. இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கு?

சரி, சட்டம் என்ன சொல்லுது?

ஆடிட்டர் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் ஏற்கனவே இருக்கு. பட்டயக் கணக்காளர் சட்டம் 1949-ல் வந்தது. சி.ஏ. படிக்கிறவங்க ஆர்ட்டிகிள்ஷிப் போகணும். முன்பு மூன்று வருடம், 2023 ஜூலை முதல் புதிய திட்டத்தில் இரண்டு வருடம். அவங்களுக்கு ஸ்டைபெண்ட் கட்டாயம்னு விதியே இருக்கு. "கத்துக்க வர்றவனுக்கு எதுக்குக் காசு"ன்னு அந்தத் தொழிலே சொல்லல. கொடுக்கணும்னு எழுதி வெச்சிருக்கு. ஆனா அது ஆர்ட்டிகிள் பதிவு செய்தவங்களுக்கு மட்டும். அதே ஆபீஸ்ல, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே 2பி-யைப் பார்க்கிற பி.காம் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லை.

அந்த ஸ்டைபெண்ட் விதியிலயும் ஒரு விஷயம் நம்ம ஊர்க்காரங்க கவனிக்கணும். குறைந்தபட்சத் தொகை ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து மாறும். 20 லட்சத்துக்கு மேல் உள்ள பெருநகரத்துக்கு ஒரு தட்டு, நடுத்தர நகரத்துக்கு அதுக்குக் கீழே, சின்ன ஊருக்கு அதுக்கும் கீழே. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியில் சுமார் 8.3 லட்சம் பேர். அப்போ நாம இரண்டாவது தட்டு. நாமக்கல் மூன்றாவது தட்டு. சென்னையில் வாடகை அதிகம், ஒத்துக்கிறேன். ஆனா ஜிஎஸ்டி போர்ட்டல் ஊர் பார்த்து வேலையைக் குறைக்குதா? 20-ஆம் தேதி நாமக்கல்லுக்கு மட்டும் 25-ஆம் தேதியா வருது? விதி சொல்றது குறைந்தபட்சம்தான். அதுக்கு மேல கொடுக்கக் கூடாதுன்னு எந்த விதியும் இல்லை.

அடுத்து, அப்ரண்டிஸ் சட்டம் 1961. 2019-ல் திருத்தின விதி பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய்னு வெச்சது. நாட்ஸ் திட்டத்தில் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே ஏத்துக்கும். இன்ஜினியரிங் மட்டுமில்லை, பி.காம், பி.ஏ., பி.எஸ்சி. முடிச்சவங்களும் வரலாம். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் என்றால் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். அதாவது, நம்ம ஊர் ஆடிட்டர் ஆபீஸ் கூட மனசு வெச்சா எடுக்கலாம். டிகிரி முடிச்சு வீட்டுல இருக்கிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

ஆனா என் தங்கச்சி டிகிரி முடிக்கலையே. அவளுக்கு இது பொருந்தாது.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம்? 2024 அக்டோபரில் தொடங்கினது. தொடங்கினப்போ மாதம் 5,000 ரூபாய், பன்னிரண்டு மாதம், நாட்டின் முதல் 500 பெரிய கம்பெனிகள். அப்போ வயசு வரம்பு 21 முதல் 24. முழுநேரம் காலேஜில் படிக்கிறவங்க சேர முடியாதுன்னு இருந்துச்சு. 19 வயசு, இரண்டாம் வருட மாணவிக்கு அங்கேயும் கதவு சாத்தியிருந்துச்சு.

பாருங்க, டிகிரி முடிச்சா ஒரு சட்டம் இருக்கு. சி.ஏ.-வுக்குப் பதிவு செஞ்சா ஒரு விதி இருக்கு. பெரிய கம்பெனின்னா ஒரு திட்டம் இருக்கு. "படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் போ, இல்லைன்னா கிரெடிட் கிடையாது"ன்னு யாரை அனுப்புறோமோ, அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒண்ணுமே இல்லை. கட்டாயம் மட்டும் இருக்கு. காசு இல்லை.

வெளிநாட்டுல என்ன பண்றாங்க? பிரான்சில் இரண்டு மாதத்தைத் தாண்டுற இன்டர்ன்ஷிப்புக்கு ஊக்கத்தொகை சட்டப்படி கட்டாயம். அமெரிக்காவில் வெள்ளை மாளிகையே காலங்காலமாகச் சும்மா வேலை வாங்கிட்டு, 2022-ல்தான் இன்டர்ன்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பிச்சது. வசதியான வீட்டுப் பிள்ளைகளால மட்டும்தான் சும்மா வேலை செய்ய முடியும்னு அவங்களுக்கே புரிய அவ்வளவு வருசம் ஆச்சு.

இப்போ எதிர்க்கேள்விகளுக்கு வர்றேன்.

"சின்ன ஆடிட்டர் பாவம், அவர் எங்கே கொடுப்பார்?" உண்மைதான். நான் சேர்த்துவிட்ட ஆபீஸ்ல மொத்தம் ஆறு பேர். கிளையண்ட் பீஸே ஆறு மாசம் கழிச்சுத்தான் வருது. புதுசா வர்ற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க சீனியரோட நேரம் போகும். அந்த ஆடிட்டர் நல்லா சொல்லிக் கொடுத்தார், மரியாதையா நடத்தினார். அதனாலதான் அவரைக் குற்றவாளிக் கூண்டுல நிறுத்தல. ஆனா முதல் வாரம் அவ கத்துக்கிட்டா, சரி. நாலாவது வாரம் அவ பார்த்த ரிட்டனுக்கு கிளையண்ட்கிட்ட பில் போயிருக்கு. அந்தப் பில்லுல அவ உழைப்பும் இருக்கு இல்லையா? சம்பளம் கேட்கல. பஸ் காசு கேட்கிறோம்.

"நீ மட்டும் ஐடி விங்ல சும்மாதானே வேலை செய்யற?" இதை என் தங்கச்சியே கேட்டா. சிரிச்சுட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரல. யோசிச்சு இந்தப் பதில் சொல்றேன். நான் கொள்கைக்காக நானா வந்தவன். நாளைக்கு வேண்டாம்னு லேப்டாப்பை மூடினா என் மார்க்கை யாரும் குறைக்க மாட்டாங்க. அவளுக்கு அப்படி இல்லை. போகலைன்னா கிரெடிட் போச்சு. விருப்பமும் கட்டாயமும் ஒண்ணு இல்லை.

"இந்த வயசுல கஷ்டப்பட்டாத்தான் முன்னேறலாம்." கஷ்டப்படலாம். ஆனா எதுக்கும் கணக்குக் கேட்காத பழக்கம் இங்கேதான் ஆரம்பிக்குது. 2024 ஜூலையில் புனேயில் ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலே மாசத்துல 26 வயசு சி.ஏ. ஒருத்தர் இறந்துபோனார். மகளின் வேலைச்சுமையைப் பற்றி அவங்க அம்மா எழுதின கடிதம் செப்டம்பரில் நாடு முழுக்கப் பேசப்பட்டுச்சு. நிறுவனம் அதை மறுத்தது. யார் சொல்றது சரின்னு தீர்ப்புச் சொல்ல நான் வரல. ஆனா "நேரமாச்சு, நான் கிளம்பறேன்"னு சொல்லத் தெரியாத ஒரு தலைமுறையை நாம 19 வயசுலயே தயார் பண்றோமான்னு கேட்கிறேன். 20-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல அவ புது பஸ் ஸ்டாண்டுல நின்னப்போ, ராசிபுரத்துல சித்தப்பா ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பார்த்துக்கிட்டு நின்னார்.

என்ன செய்யலாம்? ஆகாத காரியம் எதையும் கேட்கல.

1. காலேஜ் லெட்டர் இருந்தா, இன்டர்ன்ஷிப் நாட்களுக்கும் அந்த ஆபீஸ் வரைக்கும் மாணவர் பஸ் பாஸ். கையில் இருக்கிற திட்டத்தை ஒரு பாதை நீட்டினாப் போதும்.

2. கட்டாய இன்டர்ன்ஷிப்புக்குக் குறைந்தபட்சப் பயணப்படி. நாட்ஸ் திட்டம் மாதிரியே பாதி நிறுவனம், பாதி அரசு.

3. பெரியார் பல்கலைக்கழகம் நாலு மாவட்டக் கல்லூரிகளுக்கும் பொதுவா ஒரு பட்டியல் வெளியிடட்டும். சேலத்தில் பட்டயக் கணக்காளர் அமைப்பின் கிளையே இருக்கு. அவங்களோட பேசி, எந்த ஆபீஸ்ல எத்தனை இடம்னு மார்ச் மாசமே சொல்லலாம். "தெரிஞ்சவர் மூலமா" சேர்றது ஒழியணும். எனக்கு ஆளைத் தெரியும், என் தங்கச்சிக்குக் கிடைச்சது. அண்ணன் இல்லாத பிள்ளைக்கு?

4. காசு வாங்கிக்கிட்டு சர்டிபிகேட் விக்கிற கடைகளைக் கல்லூரிகள் ஏற்கக் கூடாது. சர்டிபிகேட்டுக்குப் பதிலா தினசரி வேலைக் குறிப்பைப் பார்த்து, ரெண்டு கேள்வி கேட்டு மார்க் போடுங்க. என்னை மாதிரி ஆளுங்க அங்கேயே மாட்டிக்குவோம்.

5. சாயங்காலம் 6 மணிக்கு மேல் மாணவிகளை உட்கார வைக்கக் கூடாதுன்னு எழுத்தில் இருக்கட்டும்.

இந்த வருசம் போகப் போற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. முதல் நாளே கூச்சப்படாமக் கேளுங்க: எத்தனை மணி வரைக்கும், என்ன வேலை, பயணப்படி உண்டா? கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நினைச்சா, அந்த ஆபீஸ் வேண்டாம். தினமும் ராத்திரி ஒரு நோட்டுல நாலு வரி எழுதி வைங்க. நாளைக்கு இன்டர்வியூல சர்டிபிகேட் பேசாது, அந்த நோட்டுதான் பேசும்.

ஆடிட்டர் அண்ணன்மார்களுக்கு, அக்காமார்களுக்கு: ஊரு கணக்கெல்லாம் பார்க்கிறவங்க நீங்க. ஒரு பிள்ளையோட 2,100 ரூபாய்க் கணக்கையும் ஒரு தடவை பாருங்க. அவ்வளவுதான்.

தங்கச்சி இப்போ பி.காம் முடிச்சிட்டா. சி.ஏ. இன்டர் நேரடியாச் சேர்ற அளவுக்கு மார்க் இருக்கு. 55 சதவீதம் போதும், அதுக்கு மேலயே இருக்கு. ஆனா அப்ளிகேஷன் இன்னும் போடல. இரண்டு வருச ஆர்ட்டிகிள்ஷிப், இரண்டு வருசம் பஸ், இல்லைன்னா ஹாஸ்டல். அந்த மஞ்சப்பைக்காரருக்கு எது லாபம்னு போட்ட மாதிரியே, தனக்கும் ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. போன வாரம் போனப்போ கூட அந்தப் பேப்பர் மேசை மேலதான் இருந்துச்சு.

அந்தக் கணக்கு டேலி ஆகணும் நண்பர்களே. அவளுக்கு மட்டும் இல்லை.

உங்க வீட்டுப் பிள்ளையோட இன்டர்ன்ஷிப் கணக்கு என்னன்னு எழுதுங்க. சரின்னு பட்டா பகிருங்க.

#கத்துக்கவும்_காசு_வேணும்
#இன்டர்ன்ஷிப்புக்கு_பயணப்படி